அவுரி நீலமும் ஆலை நீலமும்: இயற்கைப் பொருளும் செயற்கைப் பொருளும் ஒன்றா?

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற இளஞ்சிவப்புப் பஞ்சு மிட்டாயை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துச் சோதித்தார்கள். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்தது தெரியவந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி இல்லை. புதுச்சேரி அரசு விற்பனைக்குத் தடை விதித்தது. சில நாளில் தமிழ்நாடும் தடை விதித்தது.

தடை சரியானதுதான். ஆனால் அதை ஒட்டிப் பலரும் சொன்ன முடிவு வேறு: “எல்லாம் கெமிக்கல். இயற்கையா இருந்தா ஒண்ணும் பண்ணாது.” இந்த நம்பிக்கையை வைத்து இன்று பெரிய வியாபாரமே நடக்கிறது. சோப்பு, சாம்பிராணி, தலைச்சாயம், சத்து மாத்திரை, துணி என்று எதை எடுத்தாலும் ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற முத்திரை இருக்கிறது. இதற்கு நேரெதிராக, வேதியியல் படித்தவர்கள் சிலர் ஒரே வரியில் விவாதத்தை முடித்துவிடுகிறார்கள்: “மூலக்கூறு ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று. எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வியே இல்லை.”

இரண்டு பேச்சும் பாதி உண்மைதான். மீதிப் பாதியை விளங்கிக்கொள்ளப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. ஒரு காலத்தில் இந்த ஊரின் செல்வமே செடியிலிருந்து எடுத்த ஒரு நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தை ஜெர்மனியில் ஓர் ஆலை செய்து காட்டியபோது, இயற்கையா செயற்கையா என்ற கேள்வி உலகச் சந்தையில் பெரிய அளவில் எழுந்தது.

கப்பலேறிய நீலம்

பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று அழைத்த நீலத் துணி, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நெய்த பருத்தித் துணியை அவுரி நீலத்தில் பலமுறை தோய்த்து, கருநீலமாகும்வரை சாயம் ஏற்றினார்கள். செனகல் ஆற்றங்கரையில் இந்தத் துணி பணம்போலவே புழங்கியது. கருவேலம் பிசின் வாங்க இதைத்தான் கொடுத்தார்கள். அதற்கு முன்பு மனிதர்களையே அடிமைகளாக வாங்கவும் இதே போன்ற துணி கைமாறியது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கே பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், துணி வியாபாரம் இந்த ஊருக்கு எவ்வளவு உயிர்நாடியாக இருந்தது என்பது தெரியும்.

இங்கே நடந்த சாய வேலையை ஐரோப்பிய அறிவியல் மிகக் கவனமாகப் பார்த்தது. 1730-களில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர், சாயமேற்றும் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து, குறிப்புடன் பாரிசுக்குக் கொண்டுபோனார். அங்கே சாயத் தொழிலைக் கண்காணித்துவந்த துஃபே என்ற அறிவியலாளருக்காகச் செய்த வேலை அது. நூறாண்டு கழித்து, செனகலில் பணியாற்றிய பெரொத்தே என்ற தாவரவியலாளர் புதுச்சேரிக்கு வந்து, இங்குள்ள தாவரவியல் பூங்காவைப் பொறுப்பேற்று நடத்தினார். நீலச் செடிகளையும் சாயம் எடுக்கும் முறையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1842-இல் வெளிவந்தது. 1870-இல் இந்த ஊரிலேயே இறந்தார்.

திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். வேலையைக் கிட்டே நின்று பார்த்தால் முதலில் வியப்பூட்டுவது, இலையில் நீலமே இல்லை என்பதுதான். பூக்கும் பருவத்தை ஒட்டி வெட்டிய செடியைத் தொட்டியில் அடுக்கி, மேலே கட்டை வைத்து அழுத்தித் தண்ணீர் விடுகிறார்கள். இரவெல்லாம் ஊறியதும் தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாகிறது. அதைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, விடாமல் அடித்துக் கலக்குகிறார்கள். நுரை முதலில் வெளிர்பச்சையாக எழும்புகிறது; அடிக்க அடிக்க நீலமாகிறது. கலக்குவதை நிறுத்தியதும் நீலம் வண்டலாக அடியில் படிகிறது. அந்த வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டியாக வெட்டி நிழலில் உலர்த்துகிறார்கள்.

நடப்பது இதுதான்: இலையில் இண்டிகான் என்ற நிறமற்ற சேர்மம் இருக்கிறது. அது ஒரு சர்க்கரை மூலக்கூறுடன் ஒட்டியிருக்கும். ஊறும்போது நொதிகள் சர்க்கரையைப் பிரித்துவிடுகின்றன. மிஞ்சும் இண்டாக்ஸில், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகிறது. செடி தருவது மூலப்பொருளை மட்டுமே. நீலத்தை உண்டாக்குவது தொட்டியில் நடக்கும் வேதிவினை. ‘கெமிக்கல் இல்லாத’ இயற்கை நீலம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

ஆலையில் பிறந்த நீலம்

உயிருள்ளவை உண்டாக்கும் பொருள்களில் ‘உயிராற்றல்’ ஒன்று உறைகிறது, அதை ஆய்வகத்தில் செய்ய முடியாது என்று ஒரு காலத்தில் வேதியியலாளர்களே நம்பினார்கள். 1828-இல் ஜெர்மனியின் வோலர், சிறுநீரில் உள்ள யூரியாவை உயிரற்ற உப்பிலிருந்து செய்து காட்டினார். நம்பிக்கை ஒரே நாளில் மறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து தளர்ந்துகொண்டே வந்தது. 1869-இல் சிவப்புச் சாயமான அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அடால்ஃப் பேயர் 1880-இல் நீலத்தை ஆய்வகத்தில் செய்தார். 1883-இல் அதன் அமைப்பை வெளியிட்டார். 16 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு அது. அவருக்கு 1905-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்ஃப் நிறுவனம் 1897-இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடப்பை, கர்னூல், நெல்லூர், தென்னார்க்காடு என்று பரவியிருந்த அவுரிச் சாகுபடி இருபது ஆண்டுகளுக்குள் நொடித்துப்போனது. முதல் உலகப்போரில் ஜெர்மன் சரக்கு நின்றபோது கொஞ்சம் தலைதூக்கி, பிறகு மறுபடி சரிந்தது.

அவுரியிலிருந்து எடுத்து முழுதாகச் சுத்திகரித்த நீலமும் ஆலையில் செய்து சுத்திகரித்த நீலமும் ஒன்றேதான். நிறம், உருகுநிலை, துணியைப் பற்றும் விதம் எதிலும் வேறுபாடு இல்லை. பிரித்தறிய ஒரு வழி உண்டு. செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது; அதில் கதிரியக்கமுள்ள கார்பன்-14 துளியளவு இருக்கும். பெட்ரோலியமும் நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது. இந்த வித்தியாசத்தை அளந்துதான் ஐஸ்கிரீமில் போடும் வெனிலின் கொடியில் காய்த்ததா, பெட்ரோலியத்தில் வந்ததா என்று ஆய்வகங்கள் கண்டுபிடிக்கின்றன. போலியைப் பிடிக்க இது உதவும். நாக்குக்கோ உடம்புக்கோ துணிக்கோ இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது.

வைட்டமின் சி-யும் அப்படியே. 1933-இல் ஹாவர்த்தும் ரைக்ஸ்டைனும் தனித்தனியே அதைச் செயற்கையாகச் செய்தார்கள். ரைக்ஸ்டைன் வகுத்த முறையில் குளுக்கோசிலிருந்து தொடங்கி, நடுவில் ஒரு கட்டத்தைப் பாக்டீரியா செய்துகொடுக்கிறது. அந்த மாத்திரையை இயற்கை என்பதா, செயற்கை என்பதா? நெல்லிக்காயில் உள்ள வைட்டமினும் அதுவும் ஒரே மூலக்கூறு. மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், இரண்டையும் உடம்பு ஏறக்குறைய ஒரேபோலத்தான் ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே மூலக்கூறு பற்றிய வாதம் உறுதியானது. ஆனால் நம் கைக்கு வருவது தனி மூலக்கூறு அல்ல. கட்டி, பொடி, எண்ணெய், மாத்திரை, சாயமேறிய துணி. வேறுபாடுகள் தொடங்குவது அங்கேதான்.

கூட வருபவை

நீலக்கட்டியில் உண்மையான நீலம் பெரும்பாலும் பாதியைத் தாண்டுவதில்லை. மிச்சம், செடியின் புரதமும் பிசினும் சுண்ணாம்பும் மண்ணும். இண்டிருபின் என்ற சிவப்புச் சேர்மமும் கொஞ்சம் இருக்கும். இயற்கை நீலத்தில் தோய்த்த துணியில் சாயலுக்குச் சாயல் மாறும் ஓர் ஆழம் தெரிவதாகச் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இந்தக் கூட்டாளிகளும் தோய்க்கும் முறையும்தான். ஒரு தொட்டியின் நிறம் அடுத்த தொட்டிக்கு அமையாமல் போவதும் இவற்றால்தான். சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சாயவேர்ச் சிவப்பும் அப்படிப்பட்டது. அதன் முக்கியச் சேர்மம் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரில் உள்ள அதே அலிசரின். மஞ்சிட்டியில் கூடவே இருக்கும் பர்ப்யூரின் சாயவேரில் இல்லாததால் சிவப்பின் தன்மை மாறுகிறது.

ஆலை நீலத்துக்கும் கூட்டாளிகள் உண்டு. இன்று அது பெரும்பாலும் அனிலினிலிருந்து தயாராகிறது. சாயத்தில் துளியளவு அனிலின் தங்கிவிடும். அது நச்சுப்பொருள், பட்டறையில் நாள்தோறும் அதோடு புழங்கும் தொழிலாளிக்கும், கழிவுநீர் சேரும் ஆற்றுக்கும் நல்லதல்ல. 2018-இல் ஆர்க்ரோமா நிறுவனம் அனிலின் இல்லாத நீலம் என்று ஒன்றைக் கொண்டுவந்ததே, இந்தப் பிரச்சினை உண்மையானது என்பதற்குச் சாட்சி.

கூட்டாளிகளால் வரும் நன்மை தீமை இரண்டையும் ஒரே பொருளில் பார்க்கலாம். சீன மருத்துவத்தில் இயற்கை நீலத்தை உள்ளுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். அதிலுள்ள இண்டிருபின் ரத்தப் புற்றுநோய் ஆய்வில் இடம்பிடித்தது. குடல் புண்ணழற்சி நோயாளிகளுக்கு நீலப் பொடி கொடுத்து ஜப்பானில் செய்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அதைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு நுரையீரல் தமனிகளில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. 2016-இல் ஜப்பான் அரசு எச்சரிக்கை விடுத்தது. செடியிலிருந்து வந்தது என்பதால்தான் பலரும் அதைத் துணிந்து சாப்பிட்டார்கள்.

மஞ்சள்தூளிலும் இதே பாடம் இருக்கிறது. நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் குரோமேட் கலப்பது பழைய கலப்படம். வங்கதேசத்தில் 2019-இல் வெளியான ஆய்வு, மக்கள் ரத்தத்தில் ஈயம் ஏற அது ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது. ‘இயற்கை மஞ்சள்’ என்ற வார்த்தை அந்தக் கலப்படத்தைத் தடுக்கவில்லை. கண்டுபிடித்தது ஆய்வகம்தான்.

வலஞ்சுழியும் இடஞ்சுழியும்

சில மூலக்கூறுகள் இரண்டு கைகளைப்போல. அணுக்களும் இணைப்பும் ஒன்றே. ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒளியைச் சுழற்றும் திசையை வைத்து இவற்றை வலஞ்சுழி, இடஞ்சுழி என்கிறோம். உயிரினங்கள் பெரும்பாலும் ஒரே வகையை மட்டும் உண்டாக்கும். ஆலையில் தனி ஏற்பாடு செய்யாவிட்டால் இரண்டும் சரிபாதியாகக் கலந்து வரும். நீலத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது தட்டையான மூலக்கூறு.

கற்பூரத்துக்கு உண்டு. கற்பூர மரத்திலிருந்து காய்ச்சி எடுத்த கற்பூரம் வலஞ்சுழி. இன்று மணக்குள விநாயகர் கோயிலிலும் நம் வீட்டுப் பூஜையறையிலும் ஏற்றுவது பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த டர்பன்டைனில் செய்த கற்பூரம். அதில் இரண்டு வகையும் கலந்திருக்கும். எரியும்போதும் மணக்கும்போதும் வேறுபாடு தெரியாது. மூலப்பொருள் மரத்தில் பிறந்தது, கற்பூரம் ஆலையில் பிறந்தது; இயற்கைக்கும் செயற்கைக்கும் நடுவில் கோடு போடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே உதாரணம்.

வைட்டமின் ஈ-யில் இந்த வேறுபாடு உடம்புக்கே தெரியும். தாவர எண்ணெயில் உள்ள ஆல்ஃபா டோகோஃபெராலில் ஒரே வடிவம்தான். செயற்கையாகச் செய்தால் எட்டு வடிவங்கள் கலந்து வருகின்றன. கல்லீரலில் உள்ள ஒரு புரதம் தனக்கு ஏற்ற வடிவங்களைப் பொறுக்கி ரத்தத்துக்கு அனுப்பி, மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. அதனால் செயற்கை வைட்டமின் ஈ-யின் பயனை, எடைக்கு எடை, இயற்கையானதில் பாதி என்றே கணக்கிடுகிறார்கள். இயற்கை என்ற முத்திரைக்கு உண்மையான பொருள் இருக்கும் இடங்களில் இது ஒன்று. காரணத்தையும் தெளிவாகச் சொல்ல முடிகிறது: மூலக்கூறின் வடிவம்தான் வேறு, பிறப்பில் வேறு எந்த மாயமும் இல்லை.

இயற்கையே இப்படி ஜோடிகளைத் தருவதும் உண்டு. சின்கோனா பட்டையில் குயினைனும் குயினிடினும் சேர்ந்தே இருக்கின்றன. அணுக்கள் ஒன்றே, அடுக்கில் மட்டும் வேறுபாடு. முதலாவது மலேரியாவுக்குப் பெயர்போனது. இரண்டாவதை இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்கவும் கொடுத்தார்கள். 1866-இல் சென்னையில் அமைத்த ஒரு குழு, பட்டையின் நான்கு முக்கிய ஆல்கலாய்டுகளையும் காய்ச்சல்காரர்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது. நான்குமே காய்ச்சலை நன்றாகவே அடக்கின. பட்டையாகவே கொடுத்திருந்தால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அறியவே முடியாது. பிரித்து எடுத்ததால் கிடைத்த அறிவு அது.

அளவும் உடன்சேர்க்கையும்

சுத்திகரிப்பதன் பெரிய பயன், அளவு கையில் இருப்பது. 1820-இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பாரிஸ் மருந்தியலாளர்கள் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை ஒரு பட்டையில் மருந்து அதிகம், இன்னொன்றில் குறைவு. நோயாளி பிழைப்பதும் சாவதும் மரத்தைப் பொறுத்தது. இன்று நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். டன் கணக்கில் இலை உலர்த்தினால்தான் கிராம் கணக்கில் மருந்து கிடைக்கும். வேலியோரம் பூக்கும் அதே செடியின் இலையை மென்றால் மருந்தாகாது, விஷமாகலாம்.

ஆனால் பிரித்தெடுக்கும்போது இழப்பதும் உண்டு. கேரட், கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, பீட்டா கரோட்டினைத் தனியாக மாத்திரையில் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. நாளுக்கு 20 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த அதுபோன்ற ஆய்வை 1996-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ‘செயற்கை என்பதால்தான்’ என்று இதை விளக்குகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது அளவையும், யார் சாப்பிட்டார்கள் என்பதையும்தான். முருங்கைக்கீரையில் கரோட்டின் நூறு சேர்மங்களோடு, நாரோடு, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்கிறது. மாத்திரையில் அது தனியாக, நாள்தோறும், பெரிய அளவில் சேர்ந்தது. அதுவும் புகையால் புண்பட்ட நுரையீரலுக்கு.

மஞ்சளில் உள்ள குர்குமினை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பிப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்வது பல மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த நம் சமையலுக்கு இது பெருமைதான். ஆனால் அதே சேர்க்கையைச் செறிவாக மாத்திரையாக்கி விற்றபோது, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் சிலருக்குக் கல்லீரல் பாதித்தது. இரண்டும் செடியில் விளைந்தவை. குழம்பில் போடும் அளவு நூற்றாண்டுகளாகத் தெரிந்தது. மாத்திரையின் அளவு புதியது.

செயற்கை மேலோங்கும் இடமும் இருக்கிறது. கீரையில் உள்ள ஃபோலேட்டைவிட மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. முன்பு நரம்புக்குழாய்க் குறையுடன் குழந்தை பெற்ற தாய்மார்கள், அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் அந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் பிரிட்டன் தலைமையில் நடந்த ஆய்வு காட்டியது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையை ‘கெமிக்கல்’ என்று ஒதுக்கச் சொல்லும் அறிவுரை, ஒரு குழந்தையின் வாழ்வோடு விளையாடுவது.

இயற்கை என்றால் பாதுகாப்பா?

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். கரூர், திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கம் விதைக்காகப் பயிராகிறது. அதிலுள்ள கால்சிசின் கீல்வாத வலிக்கு நல்ல மருந்து. மருந்தாகும் அளவுக்கும் உயிரைக் குடிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்கைத் தவறுதலாகத் தின்று இறந்தவர்கள் உண்டு. இந்தக் கால்சிசினையும் முதலில் பிரித்தவர்கள் அதே பெல்த்தியேயும் கவாந்துவும்தான், அதே 1820-இல். எட்டிக்கொட்டையில் ஸ்டிரிக்னின், நாபியில் அகோனிட்டின் என்று நஞ்சின் பட்டியல் நீளும். செடிகளால் ஓடி ஒளிய முடியாது. பூச்சிகளையும் விலங்குகளையும் தடுக்கத் தமக்குள்ளேயே நஞ்சு சேர்த்துக்கொள்கின்றன.

இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். சித்த மருத்துவத்தில் சேங்கொட்டை, எட்டி, நாபி போன்ற சரக்கை நேரடியாக மருந்தில் சேர்ப்பதில்லை. முதலில் சுத்தி செய்ய வேண்டும். ஊறவைத்து, வேகவைத்து, மேல்தோல் நீக்கி, பாலிலோ கோமியத்திலோ பதப்படுத்தி நஞ்சைத் தணிக்கிறார்கள். நாபியை இப்படிச் செய்யும்போது அகோனிட்டின் சிதைந்து வீரியம் குறைந்த சேர்மமாவதை இன்றைய ஆய்வகங்களும் உறுதிசெய்கின்றன. இயற்கை தந்ததை அப்படியே விழுங்கலாம் என்று சித்தர் மரபு சொல்லவே இல்லை. அந்த மரபின் பெயரைச் சொல்லி ‘பக்கவிளைவே கிடையாது’ என்று விற்கிறவர்கள், அந்த மரபுக்கே துரோகம் செய்கிறார்கள்.

வீட்டில் கைக்கெட்டும் உதாரணம் கற்பூரம். சளி பிடித்த குழந்தைக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தடவுவது நம் வழக்கம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். மரத்தில் எடுத்ததானாலும் ஆலையில் செய்ததானாலும் இதில் வேறுபாடு இல்லை. பூஜையறைக் கற்பூரத்தைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைப்பதுதான் முக்கியம். மருதாணியும் அப்படியே: இலையின் செஞ்சாயம் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தராது. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் பாரா-ஃபினிலின்டையமின் கலந்திருந்தால் தோல் கொப்பளித்து வடுவாகலாம். முகப்பில் செடியின் படம் இருக்கிறது என்பது உள்ளே செடி மட்டும்தான் இருக்கிறது என்பதற்கு உறுதி அல்ல.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செடிகளின் நஞ்சோடு மனித உடம்பும் சமையலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழகியிருக்கின்றன. எந்தக் கிழங்கை எத்தனை தண்ணீரில் வேகவைக்க வேண்டும் என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். புதிதாக உண்டாக்கிய சேர்மத்துக்கு அந்த அனுபவம் கிடையாது; சோதித்துத்தான் அறிய வேண்டும். ரோடமின்-பி மாட்டிக்கொண்டது அந்தச் சோதனையில்தான். உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்களில் இண்டிகோ கார்மைனும் ஒன்று. நீலத்தைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து, தண்ணீரில் கரையும்படி செய்த அவுரியின் நெருங்கிய உறவு அது. பஞ்சு மிட்டாயின் குற்றம் செயற்கை நிறம் என்பதில் இல்லை. உணவுக்குச் சோதித்து ஏற்காத நிறம் என்பதில் இருந்தது.

செய்யும் முறை என்னும் பெரிய வேறுபாடு

மூலக்கூறு ஒன்றாகவே இருந்தாலும், அது கைக்கு வந்த வழி ஒன்றல்ல. இந்தக் கேள்வியில் எனக்கு மிகக் கனமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

நீலம் தண்ணீரில் கரையாது. துணியில் ஏற்ற, முதலில் அதில் ஹைட்ரஜனைச் சேர்த்து, கரையும் மஞ்சள்பச்சை வடிவமாக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்து, நாள்கணக்கில் புளிக்கவைத்து இதைச் செய்தார்கள். நுண்ணுயிர்கள்தான் அங்கே வேலையாள். துணியை முக்கி எடுத்தால் வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஆரோவில்லில் உள்ள இயற்கைச் சாயப் பட்டறையில் இந்தப் புளித்த தொட்டி முறையை மீட்டிருக்கிறார்கள். ஆலைகளில் இதே வேலையைச் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் சில நிமிடங்களில் முடிக்கிறது. வேகம் கிடைக்கிறது, உப்பும் கந்தகச் சேர்மங்களும் கழிவுநீரில் சேர்கின்றன. ஒரே நீலம், இரண்டு தொட்டி. ஆற்றுக்குப் போவது இரண்டு வகைத் தண்ணீர். அவுரி நீலத்தையே சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தொட்டியில் போட்டுத் தோய்த்துவிட்டு ‘இயற்கைச் சாயம்’ என்று விற்கவும் முடியும்.

செயற்கைச் சாயம் தமிழ்நாட்டுக்குத் தந்த பெரிய காயம் நொய்யல் ஆறு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள வயல்களைப் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூட உத்தரவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாகச் சிதையக்கூடிய சில ஆசோ சாயங்களை இந்தியா 1990-களிலேயே தடை செய்தது. இவை கட்டாயம் வேண்டிய நடவடிக்கைகள். இயற்கைச் சாயமும் முழுக்க அப்பாவி அல்ல. பல இயற்கை நிறங்கள் துணியில் நிற்க நிறமூன்றி உப்புகள் வேண்டும். படிகாரம் தொல்லை குறைந்தது. குரோமியமும் தாமிரமும் அப்படியல்ல.

நிலக் கணக்கும் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ நீலக்கட்டிதான் தேறும். உலகம் உடுத்தும் ஜீன்ஸ் அத்தனைக்கும் அவுரி விளைவித்தால் நெல்லும் கம்பும் விளையும் நிலத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அளவோடு செய்தால் கதை வேறு: அவுரி பயறு வகைக் குடும்பம், மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும், நீலம் எடுத்த பிறகு மிஞ்சும் தழை நல்ல உரம்.

மனிதர்கள் கணக்கை விட்டுவிடக் கூடாது. 1859-இல் வங்காள விவசாயிகள் கலகம் செய்ததும், 1917-இல் காந்தி சம்பாரணுக்குப் போனதும் செடியில் விளைந்த நீலத்தால்தான். தோட்ட முதலாளிகள் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிடவைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து போன நீலத் துணி அடிமை வியாபாரத்துக்கும் பயன்பட்டது. நூறு சதவீதம் இயற்கையான அந்த நீலத்தில் நீதி கிடையாது. பொருளின் பிறப்பைவிட, அதைச் செய்தவர்களின் வாழ்வு பெரிய கேள்வி.

கேட்க வேண்டிய கேள்விகள்

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் இப்படி வருகிறது. ஒரே அமைப்பும் ஒரே தூய்மையும் உள்ள மூலக்கூறு எங்கே பிறந்தாலும் ஒன்றே. இடவல வடிவம் மாறினால், வைட்டமின் ஈ-யைப்போல, பொருளும் பயனும் மாறலாம். கட்டியிலும் பொடியிலும் கூட வரும் சேர்மங்கள் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். உணவாகச் சாப்பிடுவதும் செறிவாக்கி விழுங்குவதும் ஒன்றல்ல. இயற்கை என்பது பாதுகாப்புக்குச் சான்றல்ல; செயற்கை என்பது ஆபத்துக்குச் சான்றல்ல. செய்யும் முறையில் நிலத்துக்கும் நீருக்கும் தொழிலாளிக்கும் நேர்வதே பெரும்பாலும் மிகப் பெரிய வேறுபாடு.

அதனால் ‘இது இயற்கையா?’ என்று கேட்டு நிறுத்திக்கொள்வது போதாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கூட என்ன சேர்ந்திருக்கிறது, யார் சோதித்தார்கள், எப்படிச் செய்தார்கள், கழிவு எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். புதுச்சேரி கடைவீதியில் ‘இயற்கைச் சாயம்’ என்று ஒரு சட்டையைக் காட்டினால், எந்தத் தொட்டியில் தோய்த்தது என்று கேட்பதில் தவறில்லை. நேர்மையாகச் செய்கிறவர்கள் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். மருந்துக் கடையில் ‘மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்றால், மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரிய பொறுப்பு அரசுக்கும் ஆய்வகங்களுக்கும் இருக்கிறது. பஞ்சு மிட்டாயைப் பிடித்த அதே கண்டிப்போடு மஞ்சள்தூளையும் மூலிகை மாத்திரையையும் தலைச்சாயத்தையும் சோதித்து, முடிவுகளை மக்களுக்குப் புரியும் தமிழில் வெளியிட வேண்டும். ‘இயற்கை’ என்ற சொல்லை முத்திரையாக அச்சடிக்கிறவர்கள், அதற்கு என்ன பொருள் என்று அதே உறையில் எழுதவேண்டும் என்று சட்டம் வர வேண்டும். தெரிந்து வாங்குகிறவரை ஏமாற்ற முடியாது. தெரியாமல் பயப்படுகிறவரையும் தெரியாமல் நம்புகிறவரையும் ஏமாற்றுவது மிக எளிது.